சிறிய மோதல் என்றால் சாலையிலேயே பணம் வாங்கி முடித்துக்கொள்வது சரியா?

கேள்வி: 2 நவம்பர் 2025, காலை

வாசகர் ஒருவரின் கூற்று இது: "கார் லேசாக இடிபட்டால் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லவே கூடாது. சொன்னால் அடுத்த வருடப் போனஸ் (பணம் கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். காவல் நிலையத்துக்குப் போனால் ஒரு நாள் போய்விடும். இடித்தவரிடம் அங்கேயே ஒரு தொகையைப் பேசி வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் புத்திசாலித்தனம். மறுப்பவர்கள் காரணம் சொல்லவும்."

2 நவம்பர், இரவு

போனஸ் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். "அங்கேயே பேசி வாங்கிக்கொண்டு" என்ற இடத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, யாரோ ஒரு பெரியவர் தானாகவே முன்வந்து பஞ்சாயத்துப் பேச, சேதம் என்னவென்றே தெரியாத இருவர் ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்கிறார்கள். இன்றைய கார்களின் பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது. அடி வாங்கும்போது அது உள்ளே மடங்கிவிட்டு, அடுத்த நொடியே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். அதன் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டமோ மடங்கினால் மடங்கியதுதான். வெளியில் ஒரு கீறலும் நம்பர் பிளேட்டில் ஒரு வளைவும் மட்டுமே தெரியும். பம்பரைக் கழற்றிப் பார்க்கும் வரை எந்த மெக்கானிக்காலும் சரியான செலவைச் சொல்ல முடியாது.

இன்னொன்று, நம்மில் பெரும்பாலோர் பிரித்துக்கூடப் பார்க்காத பாலிசி நிபந்தனைகளில் இருக்கிறது. விபத்து நேர்ந்தவுடன் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் தவற்றை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ, பணம் கொடுக்கவோ கூடாது என்பது மற்றொன்று. ஆகவே இடித்தவர் நாமாக இருந்தால், "என் தப்புதான் சார், எவ்வளவு ஆனாலும் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்வது பெருந்தன்மையாக இருக்கலாம். பாலிசியின் கண்ணில் அது நிபந்தனை மீறல்.

3 நவம்பர்

வண்டியைக் கிளப்பும் முன் கீழே குனிந்து ஒரு பார்வை பாருங்கள். முன்பக்கம் அடி வாங்கியிருந்தால் ரேடியேட்டருக்கு நேர் கீழே தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறமில்லாத தண்ணீர் என்றால் அது பெரும்பாலும் ஏ.சி.யில் இருந்து வடிவது. பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில், விரலில் தொட்டால் வழவழப்பாக இருந்தால் அது கூலன்ட். அந்த நிலையில் ஓட்டிக்கொண்டு போய் இன்ஜின் சூடேறிக் கெட்டுப்போனால், பழுது பார்க்காமல் ஓட்டியதால் கூடுதலாக விளைந்த சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்று பாலிசி தெளிவாகவே கூறுகிறது. சில ஆயிரங்களில் முடிய வேண்டிய வேலை இன்ஜின் வேலையாக மாறுவது இந்த வழியில்தான். பானெட்டின் பூட்டு சரியாக விழுகிறதா என்பதையும் அழுத்திப் பார்த்துவிடுங்கள். வேகத்தில் அது தானாகத் திறந்துகொண்டு கண்ணாடியை மறைத்தால் அடுத்த விபத்து சிறியதாக இருக்காது.

4 நவம்பர்

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டை அருகே, ஒரு ஷேர் ஆட்டோ திடீரென்று இடப்பக்கம் ஒதுங்கி ஆளை ஏற்ற, எனக்கு முன்னால் சென்ற வண்டி நின்றது, நானும் நின்றேன், எனக்குப் பின்னால் வந்த சரக்கு வேன் நிற்கவில்லை. இறங்கிப் பார்த்தேன். பின் பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். வேனை ஓட்டியவர் இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். "ஓரமா வாங்க சார், பேசிக்கலாம்" என்றவர், முதலாளியைக் கைபேசியில் அழைத்து என் கையில் கொடுத்தார். முதலாளி என்னிடம் மிகுந்த மரியாதையுடன், "ரெண்டாயிரம் வாங்கிக்கோங்க சார், அவன் சம்பளத்துல புடிச்சுக்கறேன்" என்றார்.

அந்த இரண்டாயிரத்தை நான் வாங்கவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, சாலையில் பேசித் தீர்க்கும் பணம் பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பவர்களிலேயே குறைந்த வருமானம் உள்ளவரின் பையிலிருந்துதான் வருகிறது. வேனுக்குக் காப்பீடு இருக்கிறது, முதலாளிக்கு வருமானம் இருக்கிறது. ஆனால் தண்டம் கட்டுவது ஓட்டுநர். இரண்டாவது, எனக்குச் சேதம் என்னவென்று தெரியாது. ஓட்டுநரின் உரிமத்தைப் படம் எடுத்துக்கொண்டு, வேனின் எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் பம்பரைக் கழற்றியபோது உள்ளே இருந்த சட்டம் நடுவில் குழிந்திருந்தது. அதைப் பிடித்திருந்த இரண்டு முனைகளில் ஒன்று, டிக்கியின் பின் தகட்டையும் இழுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. டிக்கி மூடிக்கும் விளக்குக்கும் இடையே இடப்பக்கம் விரல் நுழையும் இடைவெளி. வலப்பக்கம் நகம் நுழையவே சிரமம். சாலையில் அது என் கண்ணில் படவே இல்லை. கீறலைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனவே பின்னால் இடிபட்டவர்கள் கீறலை விட்டுவிட்டு இந்த இடைவெளிகளைப் பார்க்கவும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லையென்றால் அடி உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

5 நவம்பர், காலை

இப்போது போனஸ் கணக்கு. கேள்வி கேட்டவருக்கு இங்கே நான் நிறையவே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

உரிமை கோராத ஆண்டுகளுக்கான போனஸ் 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று ஏறும். இது சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு (நம் வண்டியின் சேதத்துக்கான பங்கு) மட்டுமே. மூன்றாம் நபர் பிரீமியத்தில் (நம்மால் பிறருக்கு நேரும் இழப்புக்கான பங்கு) இந்தத் தள்ளுபடி கிடையாது. ஒருவரின் சொந்தச் சேதப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய் என்றும், அவர் இப்போது 35 விழுக்காட்டில் இருக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். கோராமல் இருந்தால் வரும் ஆண்டுகளில் 45, 50, 50, 50, 50 என்று போகும். கோரினால் 0, 20, 25, 35, 45 என்று அடியிலிருந்து தொடங்கும். வித்தியாசங்களைக் கூட்டினால் 120 விழுக்காடு, அதாவது 9,600 ரூபாய். வண்டிக்கு வயது ஏற ஏறப் பிரீமியம் குறையும் என்பதால் உண்மையில் இன்னும் சற்றுக் குறைவாக இருக்கும். பலர் அடுத்த ஓராண்டின் இழப்பை மட்டும் பார்த்துவிட்டு, "மூவாயிரத்துச் சொச்சம்தானே" என்று கோரிவிடுகிறார்கள்.

மறுபக்கம், 16,000 ரூபாய் பில் என்றால் 16,000 வராது. வண்டியின் வயது மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் என்று கொள்வோம். பிளாஸ்டிக் பம்பர் 6,000 என்றால் தேய்மானம் (பொருள் பழையதானதற்காகக் கழிப்பது) பாதி போக 3,000 கிடைக்கும். இரும்புச் சட்டம் 3,000 என்றால் அந்த வயதுக்கு 25 விழுக்காடு கழித்து 2,250. பெயிண்ட் வேலை 4,500 என்றால், அதில் நான்கில் ஒரு பங்கைப் பொருளின் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். ஏறத்தாழ 3,940 கிடைக்கும். கூலி 2,500 முழுமையாகக் கிடைக்கும். ஆக 11,690, இதில் 1,500 சி.சி. வரையிலான கார்களுக்குக் கட்டாயக் கழிவான (ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே ஏற்க வேண்டிய) 1,000 ரூபாய் போகும். கையில் வருவது 10,690. போகும் போனஸ் 9,600. ஆயிரம் ரூபாய் லாபத்துக்குப் படிவம், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர், காத்திருப்பு என்று அலைவதா என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ளலாம்.

5 நவம்பர், மாலை

மேலே உள்ள கணக்கு சாதாரணப் பாலிசிக்கு உரியது. பேச்சுவழக்கில் "பம்பர் டு பம்பர்" என்று சொல்லப்படும் தேய்மானமில்லாப் பாலிசி வைத்திருப்பவருக்கு அதே பில்லில் ஏறத்தாழ 15,000 வரும்; அவர் கோருவதே லாபம். போனஸ் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்ப்பு வாங்கியிருப்பவர்கள் அதன் வரம்பைப் படித்துவிட்டு முடிவு செய்யலாம். வெறும் கண்ணாடி மட்டும் உடைந்திருந்தால் எந்தப் பாலிசியிலும் கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக என் நிலை இது: நிறுவனத்துக்குத் தெரிவிப்பது வேறு, பணம் கோருவது வேறு. முன்னதை உடனே செய்துவிட வேண்டும். பின்னதைப் பம்பர் கழன்ற பிறகு கணக்குப் போட்டுச் செய்யலாம்.

7 நவம்பர்

"தவறு அவனுடையது, அவனுடைய காப்பீட்டில் என் வண்டியைச் சரிசெய்ய முடியாதா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி முடியும்; ஆனால் தொலைபேசியில் கேட்டுப் பெறும் விஷயமன்று. பொருள் சேதத்துக்கும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமே தீர்ப்பாயமாகவும் இயங்குகிறது. காவல் துறை ஆவணம் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், பொறுமை வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும் என்ற கெடுவும் 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது. தனியார் காருக்கான பாலிசிகளில் மூன்றாம் நபர் பொருள் சேத வரம்பு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய். சிறிது பிரீமியம் குறையும் என்பதற்காக அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. உங்கள் பாலிசியில் எது இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அடுத்தவரின் விலை உயர்ந்த காரில் நீங்கள் இடிக்கும் நாளில் அதைப் பார்க்க வேண்டாம்.

பம்பருக்காகத் தீர்ப்பாயம் போவது என் பார்வையில் வீண்வேலை. எதிராளி தாமாகவே பில்லைக் கட்ட முன்வந்தால், ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டை அனுப்பி, யு.பி.ஐ. வழியாகப் பெற்றுக்கொண்டு, "வாகனச் சேதத்துக்கு மட்டும்" என்று ஒரு வரி எழுத்தில் வைத்துக்கொள்வது போதும். அதே நேரம், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு உங்கள் நிறுவனத்திடமும் அதே சேதத்துக்குப் பணம் கேட்டால் சிக்கல் வரும். ஏனெனில் எதிராளியிடமிருந்து வசூலிக்க அந்த நிறுவனத்துக்கு இருந்த உரிமையை நீங்கள் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்திருப்பீர்கள்.

9 நவம்பர்

இதுவரை தகரத்தையும் பிளாஸ்டிக்கையும் பற்றியே பேசிவிட்டோம். யாருக்காவது அடிபட்டிருந்தால் மேலே எழுதிய கணக்கு எதுவும் பொருந்தாது.

நம் ஊரில் கார் சம்பந்தப்பட்ட "சிறிய மோதல்" பெரும்பாலும் இரு சக்கர வாகனத்துடன்தான் நடக்கிறது. விழுந்தவர் எழுந்து நின்று, சட்டையைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார், நீங்க போங்க" என்பார். போகக் கூடாது. அந்த நேரத்தில் வலி தெரியாது. மாலையில் தோள் தூக்க முடியாமல் போகும், அல்லது தலைசுற்றல் வரும். அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காட்டுவதும், தேவையென்றால் 108-ஐ அழைப்பதும் வெறும் நல்லெண்ணம் மட்டுமல்ல; மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநர் மீது சுமத்தியுள்ள கடமை. காவலர் கேட்டால் விவரம் தர வேண்டும். அங்கே காவலர் இல்லையென்றால் அருகிலுள்ள நிலையத்தில் இயன்ற அளவு விரைவாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். தெரிவிக்காமல் போனால், பின்னாளில் அது "இடித்துவிட்டு ஓடியது" என்றே பதிவாகும். அப்போது நம் பக்கத்து நியாயத்தைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

செலவைப் பற்றிய பயத்தில் சிலர் தயங்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் பொருந்தும். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்தியத் திட்டத்தில் ஏழு நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை உண்டு.

வழக்குப் பதிவானால் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். மனு கொடுத்தவருக்கு முதலில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) கிடைக்கும். முதல் தகவல் அறிக்கை பதிவானால், குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவும் (அலட்சியமாக ஓட்டியது), காயம் இருந்தால் 125-ஆம் பிரிவும் (பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தது) வரும். வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்துச் சான்று தந்த பிறகே விடுவிப்பார்கள். அதுவரை டிங்கரிங் வேலையைத் தொடக்கூட முடியாது. சென்னையில் இவற்றைப் பார்ப்பது சாதாரணச் சட்டம் ஒழுங்கு நிலையம் அன்று, போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு. எனவே எங்கே போக வேண்டும் என்பதைக் கேட்டுக்கொண்டு போவது அலைச்சலைக் குறைக்கும். இரண்டு தனியார் கார்கள் உரசிக்கொண்டு, யாருக்கும் காயமில்லாமல், தகராறும் இல்லாமல் இருந்தால் இந்த வழியெல்லாம் தேவைப்படுவதில்லை. சொந்தச் சேதத்துக்கு நிறுவனங்கள் பொதுவாக அறிக்கை கேட்பதும் இல்லை.

9 நவம்பர், பின்னிரவு

"அங்கேயே நின்றால் கூட்டம் அடிக்குமே?" சட்டம் எழுதியவர்களும் நம் சாலைகளை அறிந்தவர்களே. அதே 134-ஆம் பிரிவு, கும்பலின் சீற்றத்தால் முடியாமல் போனால் தவிர என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறது. அப்படியானால் நேரே காவல் நிலையத்துக்குப் போங்கள், வீட்டுக்குப் போகாதீர்கள்.

12 நவம்பர்

தனிமடலில் வந்த ஒரு கேள்விக்குப் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன், ஏனெனில் இது பல வீடுகளில் நடக்கிறது. மனைவி எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வைத்துக்கொண்டு ஓட்டியபோது இடித்துவிட்டது; கணவர் ஓட்டியதாக எழுதலாமா என்பது கேள்வி. எழுதக் கூடாது. சாலையில் பொருத்தியிருக்கும் கேமராக்களும் எதிராளியின் கைபேசியும் யார் ஓட்டியது என்பதைச் சொல்லிவிடும். ஒரு பொய்யால் முழுக் கோரிக்கையும் தள்ளுபடியாகும். தவிர, அந்தப் பொய்க்குத் தேவையும் இல்லை. பழகுநர் உரிமம் உள்ளவர், பக்கத்தில் ஓட்டுநர் உரிமம் உள்ள ஒருவர் பயிற்றுநராக இருக்க, எல் பலகையுடன் விதிப்படி ஓட்டியிருந்தால் பாலிசி அதை ஏற்கிறது. பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாக ஓட்டியிருந்தால்தான் பிரச்சினை. அப்படியென்றால் சொந்தப் பணத்தில் பழுது பார்த்துவிட்டு அமைதியாக இருங்கள்.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான்: ஒர்க்‌ஷாப்பில் "போன வருஷக் கீறலையும் இதிலேயே சேத்துடலாம் சார்" என்ற யோசனை. பின்னால் வேன் இடித்த அதே நொடியில் முன் கதவில் தூண் உரசியது எப்படி என்று சர்வேயர் கேட்டால், பூமி ஒரு சுற்றுச் சுற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். வெவ்வேறு அடிகளுக்கு வெவ்வேறு கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கழிவு என்பதே முறை. பம்பர் கழன்ற பிறகு கணக்கு என்று மேலே சொன்னேன்; ஆனால் கோரும் எண்ணம் இருந்தால் சர்வேயர் பார்ப்பதற்கு முன் கழற்ற வேண்டாம். அவர் பார்த்த பிறகு கழற்றும்போது உள்ளே புதிய சேதம் தெரிந்தால் கூடுதல் எஸ்டிமேட் கொடுத்து மறுபடியும் காட்டச் சொல்லுங்கள்.

13 நவம்பர்

படம் எடுப்பது பற்றி விட்டுப்போனது. எல்லோரும் கீறலை நெருக்கத்தில் பத்துப் படம் எடுக்கிறார்கள். அதனால் எதுவும் நிரூபணமாகாது. நகர்த்துவதற்கு முன், சற்று விலகி நின்று, இரு வண்டிகளும் சாலைக் கோடுகளும் தெரியும்படி எடுக்க வேண்டும். ஒரு கடைப் பலகையோ மின்கம்ப எண்ணோ சட்டகத்துக்குள் இருந்தால் இடத்தைப் பற்றித் தகராறு வராது. பிறகு ஓரம் கட்டி, அபாய விளக்கைப் போட்டு, ஸ்டெப்னி பக்கத்தில் தூசு படிந்து கிடக்கும் சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ஐ அழைத்தால் உதவி வாகனம் வரும். டேஷ் கேமரா இருந்தால் அன்றிரவே பதிவைத் தனியே நகலெடுத்துவிடுங்கள். மெமரி அட்டை நிறைந்தவுடன் அது பழையவற்றின் மேல் எழுதத் தொடங்கிவிடும். பக்கத்துக் கடையின் கேமராவுக்கும் இதே கதைதான்.

23 நவம்பர்

மழை பெய்து ஓய்ந்த பிறகு நம் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்: மாதங்களுக்கு முன் பின்னால் லேசாக இடிபட்டு, சாலையிலேயே பணம் பெற்று, பம்பரைப் பாலிஷ் செய்துகொண்டவர். இப்போது டிக்கி விரிப்பைத் தூக்கினால் ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர் நிற்கிறதாம். அது அநேகமாகப் பின் தகடு விலகி, ரப்பர் பட்டை ஒட்டாமல் போனதால் இருக்கும். குழியைத் துடைத்து, டிக்கியை மூடி, ஒருவரை உள்ளே டார்ச்சுடன் உட்கார வைத்து வெளியிலிருந்து குழாய்த் தண்ணீர் விட்டால் எந்த மூலையில் நுழைகிறது என்பது தெரிந்துவிடும். இத்தனை நாள் கழித்துக் கோரினால் தாமதத்துக்கு விளக்கம் கேட்பார்கள். முன்பே தெரிவித்து ஒரு பதிவு எண் வாங்கி வைத்திருந்தால் அந்த எண்ணைச் சொல்லிப் பேசியிருக்கலாம்.

29 நவம்பர்

கேள்வி கேட்டவரின் கடைசி ஐயத்துக்குப் பதில். தெரிவித்துவிட்டு, கணக்குப் பார்த்த பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தால் போனஸ் போகாது. ஆனால் அது "நிலுவையில்" இருக்கக் கூடாது. சென்ற ஆண்டில் கோரிக்கை செய்யப்படவோ நிலுவையில் இருக்கவோ கூடாது என்பதே போனஸுக்கான விதி. எனவே திரும்பப் பெறுகிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பி, முடித்துவிட்டதாகப் பதிலையும் வாங்கி, பாலிசிக் கோப்பிலேயே போட்டு வையுங்கள். அதைப் புதுப்பிக்கும் தேதிக்கு முன் செய்யுங்கள். புதுப்பிப்பதை மறந்து 90 நாட்கள் தாண்டிவிட்டால், யாரும் எதிலும் இடிக்காமலேயே போனஸ் போய்விடும்.